முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று

2020 ஜூலை 15, புதன்

ஆசிரியர் சங்கத்தில் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. இனி அவரவர் அன்றாடம் செய்த வேலையைக் குறித்து வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சின்னையன் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடம் கணக்கு நடத்திய ஞானசௌந்தரி வேலை செய்தாளா என்பதற்கு ஒரு டைரி சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. சரி, சொல்லட்டும்.

இன்று முதல் வீடியோ. பங்குக் கோயிலில் மறைக்கல்வி வகுப்புக்கு வைத்திருந்த சின்னக் கரும்பலகையைக் கேட்டு வாங்கி, சமையலறைச் சுவரில் மாட்டினேன். படம் பிடித்தவர் என் வீட்டுக்காரர் அருளப்பன். முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்மீட்டர் பார்த்து ரிடையரான மனிதருக்கு போனை ஆடாமல் பிடிக்கத் தெரியவில்லை. பாதி வீடியோவில் அவர் விரல். மீதியில் குக்கர் விசில்.

"டீச்சரம்மா, கேமராவப் பாத்துப் பேசு. அது எந்திரிச்சு ஓடிராது" என்கிறார்.

நான்கு முறை எடுத்தோம். பத்தாம் வகுப்பு 'அ' பிரிவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. முப்பத்தொரு பிள்ளைகள். பதினெட்டு பேர் பார்த்தார்கள்.

ஜூலை 17, வெள்ளி

தலைமையாசிரியர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதிப் படம் எடுத்து யார் அனுப்புகிறார்களோ அவர்கள் அன்றைக்கு வந்ததாகக் கணக்கு. அதைப் பார்த்து வருகைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

"பள்ளிக்கூடம் பூட்டியிருந்தாலும் ரெஜிஸ்டர் பூட்டியிருக்கக் கூடாது டீச்சர்" என்றார். சொல்லிவிட்டு அவரே ரசித்துக்கொண்டார்.

ஜூலை 20, திங்கள்

இருபத்து மூன்று படங்கள் வந்தன. ஒன்று தலைகீழாக. ஒன்றில் நோட்டைவிட ஆட்டுக்குட்டிதான் அதிகம் தெரிந்தது.

நாகஜோதி வழக்கம்போல நேராக விடைக்குப் போய் நிற்கிறாள். முதல் வரி, கடைசி வரி, அவ்வளவுதான். நடுவில் உள்ள படிகள் எல்லாம் அவள் தலைக்குள்ளேயே நடந்துவிடும். இரண்டு வருடமாக அவளோடு எனக்கு இதே வழக்கு. பொதுத்தேர்வில் படிக்குத்தான் மதிப்பெண், விடைக்கு ஒன்றே ஒன்று என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், "ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு தெரியுமா?" என்று பொதுவாக அதட்டினேன். நான் வாயை மூடுவதற்குள் கூரையை ஒரு பார்வை பார்த்து, "எழுபத்து மூணு டீச்சர்" என்றாள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். எழுபத்து மூன்றுதான்.

என் சர்வீஸில் அப்படி இரண்டே பேரைப் பார்த்திருக்கிறேன். இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் படியே எழுத மாட்டாள்.

ஆகஸ்ட் 12, புதன்

வெற்றி! நாகஜோதி ஒரு வாரமாக எல்லாப் படிகளையும் எழுதுகிறாள். கூட்டுத் தொடர்வரிசையில் ஐந்து கணக்கு. சூத்திரம், பிரதியிடல், சுருக்குதல், விடை. ஒன்றையும் விடவில்லை. இரண்டு வருடம் நேரில் கத்தி முடியாததை ஒரு மாத வீடியோவில் சாதித்திருக்கிறேன். அருளப்பனிடம் காட்டினேன்.

"எழுத்து கோணலா இருக்கே" என்றார்.

தரையில் உட்கார்ந்து எழுதும் பிள்ளைக்கு எழுத்து கோணாமல் என்ன செய்யும்? மீட்டர் பார்த்தவருக்குக் கையெழுத்தைப் பற்றி என்ன தெரியும்?

ஆகஸ்ட் 28, வெள்ளி

31/31. முதல் முறை. போன் இல்லாத நான்கு பேரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்த்துவிட்டேன். தலைமையாசிரியர் குழுவில் கைதட்டும் பொம்மைகளைப் போட்டிருக்கிறார். எண்ணினேன், ஏழு.

செப்டம்பர் 5, சனி

ஆசிரியர் தினம். பேனா இல்லை, ரோஜா இல்லை. நாகஜோதி நம்பரிலிருந்து ஒரு வாழ்த்துப் படம் மட்டும் வந்தது.

செப்டம்பர் 21, திங்கள்

சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தோம். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு மீட்டர் இடைவெளியில் பிள்ளைகள் நின்றார்கள். ஆறு மாதத்தில் எல்லாரும் வளர்ந்துவிட்டார்கள். கண்ணை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேரைத் தப்பாகக் கூப்பிட்டேன்.

நாகஜோதி வரவில்லை. எட்டாம் வகுப்பில் படிக்கும் அவள் தங்கை கோகிலா இரண்டு பையோடு நின்றாள்.

"அக்கா எங்கடி?"

"காய்ச்சல் டீச்சர்."

"முந்தாநேத்து வீட்டுப்பாடம் அனுப்பியிருந்தாளே."

"காய்ச்சலோடதான் அனுப்புச்சு டீச்சர்."

பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே சொன்னாள். வெயில் அதிகம். வரிசையும் நீளம்.

அக்டோபர் 13, செவ்வாய்

எல்லாரும் கைடைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். நானே சொந்தமாக ஒரு கணக்குப் போட்டேன். 'நம் பள்ளியை மூடிய மார்ச் 17 செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து 500 நாள் கழித்து என்ன கிழமை?' ஏழால் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும், வெள்ளி.

போட்டுவிட்டு நாகஜோதி பதிலுக்காக போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது அவளுக்கு அல்வா மாதிரி. வீடியோ முடிவதற்குள் 'வெள்ளி' என்று வந்து விழும்.

அக்டோபர் 14, புதன்

மதியம்தான் வந்தது. நாகஜோதி நம்பரிலிருந்து. 'டீச்சர் இந்தக் கணக்கு கைடில் எந்தப் பக்கம்.'

அதை நான்கைந்து முறை படித்தேன்.

அருளப்பன் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் காட்டினேன். ஏன் காட்டினேனோ!

"இது அந்தப் பொண்ணு இல்லை" என்றார், கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பிள்ளைங்க மாறிப்போறாங்க. ஏழு மாசமா வீட்டுல கெடந்தா மூளை மழுங்கத்தான் செய்யும்."

"நாங்க ரீடிங் எடுக்கப் போவோம். வீடு பூட்டியிருந்தா கார்டுல 'பூட்டு'ன்னு எழுதிட்டு வருவோம். குத்துமதிப்பா ஒரு நம்பர எழுத மாட்டோம்."

"இது மீட்டர் இல்லை."

"அதத்தான் நானும் சொல்றேன். ஒரு போன் போட்டுப் பேசு."

நாளைக்குப் பேசலாம். இன்று தலைவலி. மாவட்டத்துக்கு இந்த மாத அறிக்கை போக வேண்டும். பதிவேட்டில் குறித்துவிட்டேன். 31/31.

அக்டோபர் 16, வெள்ளி

போன் போட்டேன். முழுதாக அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. எடுக்காதவரை விரட்டிப் பிடிப்பது என் வேலை இல்லை.

வீட்டுப்பாடம் வந்துவிட்டது. எல்லாப் படிகளும் இருக்கின்றன.

நவம்பர் 9, திங்கள்

இனிமேல் கைடில் உள்ள கணக்குகளையே கொடுக்கிறேன். பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம்.

நவம்பர் 25, புதன்

புயல். கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஒரு படமும் வரவில்லை. தலைமையாசிரியர், "இயற்கைப் பேரிடருக்குப் பிள்ளைங்க என்ன செய்யும், போட்டுருங்க டீச்சர்" என்றார். போட்டேன்.

டிசம்பர் 11, வெள்ளி

சான்றிதழ். இணையவழிக் கற்பித்தலில் நூறு சதவீத வருகை. வட்டார அளவிலான கூட்டத்தில், கேமரா முன்னால் என் பெயரைச் சொல்லி வாசித்தார்கள். அருளப்பன் சால்வைக்குப் பதிலாகத் துண்டைப் போர்த்திவிட்டார். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் பன்னிரண்டாவதாக இருக்கிறது. ஒரு வருடத்தில் நானும் தலைமையாசிரியர்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சந்தோஷமாக இல்லாமல் என்ன?

2021 ஜனவரி 18, திங்கள்

சங்கக் கூட்டம் நடக்காததால் இந்த வருடம் டைரி இல்லை. பழைய டைரியில் முன்பக்கம் காலியாகக் கிடக்கும் பக்கங்களில் எழுதுகிறேன். கிழமை பொருந்தவில்லை. அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

நாளை பத்தாம் வகுப்புக்குப் பள்ளி திறக்கிறார்கள். பத்து மாதம் கழித்துப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறேன். புதுப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 19, செவ்வாய்

இருபத்தாறு பேர் வந்தார்கள். நான்கு பேர் நாளை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாகஜோதி எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

முதல் மணி முடிந்து வெளியே வந்தபோது கேட்டுக்கு அந்தப் பக்கம் கோகிலா நின்றுகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புக்கு இன்னும் பள்ளி இல்லை, அதனால் உள்ளே விடவில்லை. கையில் ஒரு நோட்டும் போனும். ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது.

"டீச்சர், இனிமே நான் எப்படி அனுப்பறது?"

"எதை?"

"அக்கா வீட்டுப்பாடத்த."

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளே சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"ஆடிப்பெருக்குக்கு மறுநா அக்காவ நூல் மில்லுல சேத்துட்டாங்க டீச்சர். ஆஸ்டல்லயே இருக்கணும். போவயில எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போச்சு. பேர மட்டும் அடிச்சிராமப் பாத்துக்க, எப்படியாச்சும் பரீட்சைக்கு வந்துருவேன்னு. கைடு பக்கத்து வீட்டு அக்காவோடது. எல்லாத்தயும் அப்படியே பாத்து எழுதினேன் டீச்சர். ஒரு நாளும் விடல. நீங்க வெரி குட் போட்டீங்க."

போட்டேன். ஆகஸ்ட் மாதம் முழுக்க வெரி குட் போட்டிருக்கிறேன்.

அவள் நோட்டை விரித்துக் காட்டினாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, தனக்குப் புரியாத இருபடிச் சமன்பாடுகளை ஐந்தரை மாதம் பார்த்து எழுதியிருக்கிறாள். விரலில் பேனா பிடித்த இடம் காய்ப்புக் காய்த்திருந்தது.

ஜனவரி 20, புதன்

பள்ளி விட்டதும் அருளப்பன் வண்டியில் செங்குளத்துப்பட்டிக்குப் போனோம். நான்கு கிலோமீட்டர். நான்கே கிலோமீட்டர்தான். இதை ஏன் இரண்டு முறை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நாகஜோதியின் அம்மா பஞ்சவர்ணம் பாயை விரித்து உட்காரச் சொன்னாள். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். ஊரடங்கில் மார்க்கெட் மூடியபோது இருந்த வேலை போனது, பிறகு முதுகும் போனது. உள்ளே படுத்திருந்தார். என் குரல் கேட்டும் எழுந்து வரவில்லை.

"மூணு வருசம்னு எழுதி வாங்கிட்டாங்க டீச்சர். ஞாயித்துக்கெழம ரெண்டு நிமிசம் பேச விடுவாங்க. அதுவும் பக்கத்துல ஆள் நிப்பாங்க."

"பதினஞ்சு வயசுப் பிள்ளைம்மா. பத்தாவது படிக்கற பிள்ளை. எப்படி அனுப்ப மனசு வந்துச்சு?"

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் எப்பத் தெறக்கும்னு யாருக்குத் தெரிஞ்சுச்சு? பள்ளிக்கூடத்துல பேரு இருக்குல்ல டீச்சர்? தெனமும் வந்ததாப் போடறீங்கன்னு கோகிலா சொல்லுச்சு. டீச்சரே போடறாங்கன்னா தப்பு ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

திரும்பும்போது அருளப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசித் தொலைத்திருக்கலாம்.

ஜனவரி 22, வெள்ளி

குழந்தைகள் உதவி எண்ணுக்குப் புகார் சொன்னேன். பெயர், வயது, ஊர், மில் இருக்கும் இடம். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாக எழுதிக்கொண்டாள். "நீங்க யாரு மேடம்?" என்றாள். "அவளோட கணக்கு டீச்சர்." இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஜனவரி 29, வெள்ளி

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து திலகவதி என்ற அதிகாரி கூப்பிட்டார். மில்லுக்குப் போயிருக்கிறார். நாகஜோதி என்று அங்கே யாரும் இல்லை, ஜோதிலட்சுமி என்று ஒரு பெண்தான் இருக்கிறாளாம். வயது பதினெட்டு என்று காகிதம் காட்டியிருக்கிறார்கள். அவளைத் தனியாகப் பார்க்க விடவில்லை. திலகவதி பிறகு நம் பள்ளிக்கு வந்து, பதிவேட்டை வாங்கிப் பார்த்து, நகல் எடுத்துப் போயிருக்கிறார். அன்று நான் விடுப்பு.

"மேடம், உங்க ரெஜிஸ்டர்ல அந்தப் பொண்ணுக்கு ஒருநாள்கூட ஆப்சென்ட் இல்லையே. ஜூலைல இருந்து தெனமும் பிரசென்ட். மில்லுக்காரங்க அதயே எங்கிட்டத் திருப்பிக் கேக்கறாங்க. பள்ளிக்கூடத்துல தெனமும் படிக்கற பொண்ணு இங்க எப்படிங்க இருப்பா, இது வேற பொண்ணுன்னு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இந்த ரெஜிஸ்டர் தப்புன்னு நீங்க ஒரு கடிதம் எழுதிக் குடுத்தா, குழந்தைகள் நலக் குழுவுல வச்சு நான் உள்ள போயிருவேன். உங்க கையெழுத்து வேணும். எந்தத் தேதிலருந்து வரலைன்னு தெளிவா இருக்கணும். சீக்கிரம் குடுங்க மேடம். நாங்க விசாரிச்சது தெரிஞ்சபெறகு வேற ஊர் யூனிட்டுக்கு மாத்திரக்கூடாது."

ஜனவரி 30, சனி

தலைமையாசிரியரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"டீச்சர், நீங்க ஒண்ண எழுதிக் குடுத்தா அது ஒண்ணோட நிக்காது. முப்பத்தொரு பேரையும் கிளறுவாங்க. புயலடிச்ச அன்னிக்கும் நூறு சதவீதம் போட்டிருக்கோம். சான்றிதழ் வாங்கினது நீங்க, சிபாரிசு செஞ்சது நான். துறை நடவடிக்கைன்னு பதினேழு பி மெமோ வரும். பதவி உயர்வு போயிரும்."

"பிள்ளை உள்ள இருக்கா சார்."

"எடுக்க வேண்டியவங்க எடுப்பாங்க. நாம ஏன் நம்ம தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கணும்?"

அவர் கெட்டவர் இல்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 2, செவ்வாய்

கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'ஐயா' வரை எழுதினேன்.

பிப்ரவரி 4, வியாழன்

திலகவதி போன். எடுக்கவில்லை. முழுதாக அடித்து நின்றது.

பிப்ரவரி 9, செவ்வாய்

வடிவியல் முடித்தேன். தொடுகோடு வரைவதில் பாதிப் பேருக்குக் காம்பஸ் பிடிக்கவே மறந்துவிட்டது. பத்து மாதம்! ஏழாம் வாய்ப்பாடு கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள். முப்பத்தொரு பேரும் தினமும் வீட்டுப்பாடம் அனுப்பினார்கள். நான் யாருக்குப் பாடம் நடத்தினேன்?

மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் ஒரு இடம் காலி. அங்கே பையை வைக்காதீர்கள் என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

பிப்ரவரி 13, சனி

எழுதவில்லை.

பிப்ரவரி 21, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் கோகிலா. பங்குக் கோயில் வாசலில், வேப்ப மரத்தடியில் நின்றாள். அவர்கள் வேதக்காரர்கள் இல்லை. எனக்காகவே நடந்து வந்திருக்கிறாள்.

"இன்னிக்கி அக்கா பேசுச்சு டீச்சர். ரெண்டே வார்த்ததான். 'பேரு இருக்கா?'ன்னு கேட்டுச்சு. இருக்குன்னு சொன்னேன். வச்சிருச்சு."

பிறகு கேட்டாள், "இருக்குல்ல டீச்சர்?"

"இருக்குடி" என்றேன்.

பிப்ரவரி 25, வியாழன்

பத்தாம் வகுப்புக்குத் தேர்வு இல்லை, எல்லாரும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள். பிள்ளைகள் வகுப்பில் குதித்த குதியில் பெஞ்ச் ஒன்று உடைந்தது. தலைமையாசிரியர் என்னைத் தேடிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கே வந்தார்.

"பாத்தீங்களா டீச்சர்! நாகஜோதியும் பாஸ். பிரச்சினை தன்னால முடிஞ்சிருச்சு."

எந்தப் பரீட்சைக்கு வந்துவிடுவேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாளோ, அந்தப் பரீட்சையே இல்லை.

பிப்ரவரி 26, வெள்ளி

தேர்ச்சிப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திடச் சொன்னார்கள். வரிசை எண் பதினேழு, நாகஜோதி. வருகை சதவீதம் 100. அதற்கு நேராக வகுப்பாசிரியர் கையொப்பம்.

பேனா எடுத்தேன். அந்த நூறு என் கையெழுத்து. நாகஜோதி இரண்டு வரியில் முடிக்கிற கணக்கை இருபது வரியில் தப்பில்லாமல் எழுதியது கோகிலாவின் கையெழுத்து. இந்தப் பட்டியலில் நாகஜோதியின் கை மட்டும் எங்கேயும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தமிழாசிரியை தண்ணீர் கொண்டுவந்தார்.

மதியமே விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து எழுதினேன். 'நாகஜோதி 3.8.2020 முதல் எந்த வகுப்பிலும் பங்கேற்கவில்லை. அவள் வந்ததாக நான் செய்த பதிவுகள் அனைத்தும் தவறானவை. அவளை நேரில் பார்க்காமல், போனிலும் விசாரிக்காமல் பதிவு செய்தேன். அவளுடைய வயது பதினைந்து என்பதற்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவு இணைக்கப்பட்டுள்ளது.' ஒரு பக்கம்கூட வரவில்லை. இருபத்தெட்டு நாள் எழுத முடியாத கடிதம், பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

அருளப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இப்பத்தான் 'பூட்டு'ன்னு எழுதியிருக்கே" என்றார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார். திலகவதி கையில் நேராகக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மார்ச் 3, புதன்

கூட்டி வந்துவிட்டார்கள். திலகவதி மாலை நான்கு மணிக்குச் சொன்னார். இரண்டு நாள் காப்பகத்தில் வைத்து விசாரித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்களாம். மெலிந்திருக்கிறாள், இருமல் இருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள் என்றார். 'மற்றபடி' என்பதை நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

மார்ச் 8, திங்கள்

இரண்டு விஷயம். காலையில் மெமோ வந்தது. பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். தலைமையாசிரியருக்கும் ஒன்று. அவர் என்னோடு பேசுவதில்லை.

பத்து மணிக்கு நாகஜோதி வந்தாள். கூந்தலை வெட்டியிருக்கிறார்கள், மெஷினில் சிக்காமல் இருக்க. வகுப்பே திரும்பிப் பார்த்தது. மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள். பெயர் கூப்பிட்டேன். பதினேழாவது பெயர் வந்ததும் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"உள்ளேன் டீச்சர்" என்றாள். பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது குரல்.

மார்ச் 20, சனி

திங்கள் முதல் மறுபடியும் பள்ளி மூடல். நோய் கூடுகிறதாம். பன்னிரண்டு நாள்தான் உட்கார்ந்தாள்.

தேர்வு இல்லாவிட்டாலும் பாடம் உண்டு, வீட்டுப்பாடப் படம் உண்டு, அதை வைத்துப் பதிவு உண்டு என்று, விடுப்பில் போன சின்னையனுக்குப் பதிலாக வந்திருக்கும் பொறுப்புத் தலைமையாசிரியர் சுற்றறிக்கை வாசித்தார். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

மார்ச் 24, புதன்

காலையில் நாகஜோதி நம்பரிலிருந்து வீட்டுப்பாடம். நான்கு கணக்கு. சூத்திரம், பிரதியிடல், சுருக்குதல், விடை. எல்லாப் படிகளும் இருந்தன. எழுத்து கோணல்.

பதிவேட்டைத் தொடவில்லை. செருப்பைப் போட்டேன். அருளப்பன் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

நாலு கிலோமீட்டரும் எனக்கு உயிர் இல்லை. வீட்டுக் கதவு திறந்திருந்தது. நாகஜோதி தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள்தான். பக்கத்தில் கோகிலா தன் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீதான் எழுதுனியா?"

"ஆமா டீச்சர்."

"எல்லாப் படியும் எழுதியிருக்கியே. நீ எழுத மாட்டியே."

நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தப்பு வந்துருமோன்னு பயமா இருக்கு டீச்சர். எல்லாத்தயும் எழுதிப் பாத்துக்கிட்டாத்தான் நம்பிக்கை வருது."

இரண்டு வருடம் எதற்காக அவளைத் திட்டினேனோ அது நடந்துவிட்டது. என்னால் வெரி குட் சொல்ல முடியவில்லை.

பஞ்சவர்ணம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கோகிலாவும் எழுந்து போனாள். நாகஜோதி பேனாவை மூடினாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கவா? நான் இங்க இல்லன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

ஜனவரி என்று சொல்லியிருக்கலாம். கோகிலா கேட் அருகே வந்து சொன்ன நாள். மெமோவுக்கான விளக்கத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எல்லாரும் நம்புவார்கள். வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அருளப்பன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அக்டோபர்ல" என்றேன். "பதினாலாம் தேதி. ஒரு கணக்குக் குடுத்திருந்தேன். நீயா இருந்தா உடனே செஞ்சிருப்பே. உன் நம்பர்லருந்து, கைடுல எந்தப் பக்கம்னு வந்துச்சு. அப்பவே தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன். என்ன மன்னிச்சிரும்மா."

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மேலே ஓடுகளைப் பார்த்தாள். பழைய வகுப்பில் கூரையைப் பார்ப்பாளே, அதே பார்வை. நோட்டைத் தொடவில்லை. விரலை மடக்கவில்லை.

"மார்ச் மூணாந்தேதிதான் என்ன வெளிய கூட்டியாந்தாங்க" என்றாள். "நூத்தி நாப்பது நாள் டீச்சர்."

வீட்டுக்கு வந்து இந்த டைரியைப் புரட்டி, தேதி தேதியாக எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பதுதான்.